அர்த்தசாஸ்திரம் காட்டும் படையும் போரும்

நுழையுமுன்

போர் என்றவுடன் வாளும் வேலும் யானையும் தேரும் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால், ஒரு படை களத்தில் நின்று போரிடும் நேரம் மிகக் குறைவு. நடப்பதும் தங்குவதும் உண்பதும் காத்திருப்பதுமே அதன் வாழ்நாளின் பெரும்பகுதி. இவ்வுண்மையை உணர்ந்த பழங்கால அறிஞர்கள், படையை அமைத்து நடத்தும் முறைகளைத் தனி நூல்களாக எழுதி வைத்தனர். சீனத்தில் சுன் சூ என்பவர் பெயரால் ஒரு நூல் வழங்குகிறது. உரோமப் பேரரசில் வெஜிட்டியஸ் ஒரு நூல் எழுதினார். இந்தியாவில் இவ்வகைச் செய்திகளை விரிவாகக் கூறும் நூல், வடமொழியில் அமைந்த அர்த்தசாஸ்திரம். அந்நூல் படையைப் பற்றியும் போரைப் பற்றியும் கூறுவன எவை, கூறாமல் விட்டது எது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

அர்த்தசாஸ்திரம் என்னும் நூல் ஒன்று இருந்தது என்பதைப் பிற நூல்களில் வரும் குறிப்புகளால் அறிஞர்கள் அறிந்திருந்தனர். எனினும், முழு நூல் நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1905ஆம் ஆண்டில் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமா சாஸ்திரி, அங்கு வந்து சேர்ந்த ஓலைச்சுவடி ஒன்றைப் படித்து, அதுவே அர்த்தசாஸ்திரம் என்று கண்டறிந்தார். அச்சுவடி தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவரால் நூலகத்துக்கு அளிக்கப்பட்டது. கிரந்த எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. வடமொழி நூல்களை எழுதுவதற்குத் தமிழகத்தில் வழங்கிய எழுத்தே கிரந்தம். பாடலிபுத்திர அரசோடு இணைத்துப் பேசப்படும் ஒரு நூல், காவிரிக்கரைப் பகுதியில் ஏட்டுவடிவில் காக்கப்பட்டு வந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. சாமா சாஸ்திரி மூலநூலை 1909இல் அச்சிட்டார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1915இல் நூலாக வெளிவந்தது.

இந்நூலை இயற்றியவர் சந்திரகுப்த மௌரியரின் அமைச்சராகிய கௌடில்யர் என்பது மரபு. சாணக்கியர், விஷ்ணுகுப்தர் என்னும் பெயர்களும் அவருக்கு வழங்குகின்றன. நூல் இன்றுள்ள வடிவத்தைக் கிறித்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில்தான் பெற்றது என்று கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர். எனவே, இதனை ஒரே அரசின் நாட்குறிப்பாகக் கொள்ளாமல், அரசியல் அறிவின் தொகுப்பாகக் கொண்டு படிப்பதே பொருத்தம்.

நூல் 15 அதிகரணங்களாகவும் 150 அத்தியாயங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. இரண்டாம் அதிகரணம் குதிரை, யானை, தேர், காலாட்படை, படைக்கலச் சாலை ஆகியவற்றின் மேலாளர் கடமைகளையும் கூறுகிறது. ஒன்பதாம் அதிகரணம் படையெடுக்குமுன் எண்ணவேண்டியவற்றைக் கூறுகிறது. பத்தாம் அதிகரணம் போரையே பொருளாகக் கொண்டது. பதின்மூன்றாம் அதிகரணம் கோட்டையைக் கைப்பற்றுவதையும், வென்ற நாட்டை ஆள்வதையும் விளக்குகிறது.

படையின் உறுப்புகளும் வகைகளும்

அரசன், அமைச்சன், நாடு, கோட்டை, கருவூலம், படை, நட்பு என்னும் ஏழும் ஓர் அரசின் உறுப்புகள் என்பது அர்த்தசாஸ்திரத்தின் கொள்கை. இவ்வரிசையில் படை ஆறாம் இடத்தில் நிற்பது கருதத்தக்கது. உழுது விளைவிக்கும் நாடு இல்லையேல் கருவூலம் இல்லை. கருவூலம் இல்லையேல் படை இல்லை. ஆகவே, படையின் வலிமை பாசறையில் தொடங்குவதன்று, வயலில் தொடங்குவது.

தேரும் யானையும் குதிரையும் காலாளும் சேர்ந்த நாற்படை இந்திய மரபு முழுமைக்கும் பொது. அர்த்தசாஸ்திரம் வீரர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைக் கொண்டும் படையை ஆறாகப் பகுக்கிறது. அவை, வழிவழியாக அரசனுக்குப் பணிபுரியும் மூலப்படை, ஊதியத்துக்குச் சேர்ந்த கூலிப்படை, தொழிற்குழுக்களின் படை, நட்பரசர் அனுப்பிய படை, பகைவரிடமிருந்து வந்த படை, காட்டுவாழ்நரின் படை என்பன. இவற்றுள் முன்னர்க் கூறப்பட்டது பின்னர்க் கூறப்பட்டதினும் சிறந்தது. அரசனோடு இன்பதுன்பங்களைப் பகிர்ந்துகொள்பவர் இடர் வந்தபோதும் நிலைத்து நிற்பர். கொள்ளைப் பொருளை மட்டும் கருதி வந்தவர் நில்லார் என்பதே இவ்வரிசைக்குக் காரணம்.

ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பணியையும் நூல் வகுத்துரைக்கிறது. யானைகள் முன்னே சென்று புதுவழி அமைக்கும்; நீர்த்துறைகளைச் சீராக்கும்; மதில்களை இடிக்கும். குதிரைகள் நிலத்தையும் காட்டையும் ஆராயும். வந்துசேரும் உணவுப் பொருளைக் காக்கும். ஓடும் பகையைத் தொடரும். காலாட்கள் எந்த இடத்திலும் எந்தக் காலத்திலும் படைக்கலம் ஏந்தி நிற்பர். இவற்றோடு, வாள் ஏந்தாத பணியாளர் கூட்டம் ஒன்றையும் நூல் மறவாது குறிக்கிறது. பாசறையையும் வழியையும் துப்புரவு செய்தல், பாலமும் கிணறும் அமைத்தல், உணவும் தீவனமும் சுமத்தல், களத்தில் கிடக்கும் படைக்கலங்களையும் காயம்பட்டோரையும் அப்புறப்படுத்தல் ஆகியவை அவர்கள் பணிகள். வீரகாவியங்களில் பெரிதும் இடம்பெறாத இவர்களுக்குப் படைநூலில் இடம் உண்டு.

பாசறையும் பயணமும்

பத்தாம் அதிகரணம் போர்க்களத்தில் தொடங்கவில்லை, பாசறையில் தொடங்குகிறது. மனைநூல் வல்லார் தேர்ந்த இடத்தில், படைத்தலைவனும் தச்சனும் காலக்கணிதனும் சேர்ந்து பாசறையை அளந்து அமைக்கவேண்டும். அது வட்டமாகவோ சதுரமாகவோ நீள்சதுரமாகவோ நிலத்துக்கேற்பவோ அமையலாம். நான்கு வாயில்களும் ஆறு பாதைகளும் ஒன்பது பிரிவுகளும் அதற்கு உண்டு. அச்சம் உள்ள இடத்திலும் நெடுநாள் தங்கும் இடத்திலும் அகழியும் மதிலும் காவல் மாடமும் வேண்டும். பாசறைக்குள் பூசல், மது, சூது, கூடிக் களியாட்டம் அயர்தல் ஆகியவை தடை செய்யப்பட்டன. முத்திரை பெற்றவரே உள்ளே வரவும் வெளியே செல்லவும் இயலும்.

படை புறப்படுமுன் வழியில் உள்ள ஊர்களையும் காடுகளையும் கணக்கிட்டு, புல்லும் விறகும் நீரும் கிடைக்கும் அளவை அறிந்து, அதற்கேற்பத் தங்கும் இடங்களையும் நாட்களையும் முடிவு செய்யவேண்டும். தேவையான அளவுக்கு மேலாகவே உணவை உடன் எடுத்துச் செல்லவேண்டும். ஒரு நாளில் ஒரு யோசனைத் தொலைவு நடக்கும் படை கடைப்பட்டது. ஒன்றரை யோசனை நடப்பது இடைப்பட்டது. இரண்டு யோசனை நடப்பது தலைசிறந்தது. யோசனை என்பது பல கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும் பழைய நீட்டலளவை.

நடக்கும் ஒழுங்கும் இடர் வரும் திசைக்கேற்ப மாறவேண்டும். முன்புறம் தாக்குதல் வருமானால் மகரம் என்னும் மீனின் வடிவில் செல்லவேண்டும். பின்புறம் வருமானால் வண்டி வடிவிலும், இருபக்கமும் வருமானால் வச்சிர வடிவிலும், எல்லாத் திசையிலும் வருமானால் நாற்புறமும் காக்கும் வடிவிலும் செல்லவேண்டும். ஒருவர்பின் ஒருவரே செல்லத்தக்க குறுவழியில் ஊசி வடிவம் ஏற்றது.

அணிவகுப்பும் கணக்கும்

அணிவகுப்பைக் கூறும் பகுதியில் நூலாசிரியர் கணக்காசிரியராகவே மாறிவிடுகிறார். ஒரு குதிரைக்கு 3 காலாள் வீரர். ஒரு தேருக்கு அல்லது யானைக்கு 5 குதிரைகள். எனவே, ஒரு தேருக்கு 15 வீரர் அமைவர். அணிக்கு நடுப்பகுதி ஒன்று, அதனை ஒட்டிய பக்கங்கள் இரண்டு, அவற்றுக்கு அப்பால் சிறகுகள் இரண்டு என ஐந்து உறுப்புகள் உண்டு. ஒவ்வோர் உறுப்பிலும் வரிசைக்கு 3 தேராக 3 வரிசைகளில் 9 தேர்கள் நிற்கும். ஆகவே, முழு அணியில் 45 தேர்களும் 225 குதிரைகளும் 675 வீரர்களும் இடம்பெறுவர். அதே எண்ணிக்கையில் காவலாட்களும் உடன் நிற்பர். வரிசைக்கு 3 தேர் என்பதை இரண்டிரண்டாகக் கூட்டி 21 தேர் வரையில் அணியைப் பெருக்கலாம்.

இவ்வணியை இயக்கும் தலைமையும் படிப்படியாக அமைந்தது. பத்து உறுப்புகளுக்கு ஒரு பதிகன், பத்துப் பதிகருக்கு ஒரு சேனாபதி, பத்துச் சேனாபதியருக்கு ஒரு நாயகன் என்பது முறை. நாயகன் முழவொலியாலும் கொடியாலும் குறிப்புக் காட்டி, படையைப் பிரியவும் கூடவும் நிற்கவும் திரும்பவும் செய்வான். ஆயிரக்கணக்கானோர் கூடிய களத்தில் ஒருவன் குரல் எட்டாது. எல்லாரும் முன்னரே பழகிய குறிப்பே எட்டும்.

அரசன் அணிக்குப் பின்னே 200 வில் தொலைவில், துணைப்படையோடு நிற்கவேண்டும். முன்னணி சிதறினால் சிதறியோரை ஒன்றுசேர்ப்பது அத்துணைப்படையின் பணி. துணைப்படை இல்லாமல் போரில் இறங்கவே கூடாது என்று நூல் உறுதியாகக் கூறுகிறது. வெற்றியை மட்டும் எண்ணாமல், தோல்வி நேருமானால் என்ன செய்வது என்பதையும் எண்ணி வைப்பதே படையறிவு என்பது இதனால் விளங்குகிறது.

ஊதியமும் மதிப்பும்

அர்த்தசாஸ்திரத்தின் ஐந்தாம் அதிகரணத்தில் ஊதியப் பட்டியல் ஒன்று உள்ளது. பணம் என்னும் நாணயத்தில் அது கூறப்படுகிறது. சேனாபதி பெறுவது 48,000. நாயகன் பெறுவது 12,000. யானை, குதிரை, தேர்ப் படைகளின் முதல்வர் பெறுவது 8,000. படைப்பிரிவுகளின் மேலாளர் பெறுவது 4,000. பயிற்சி பெற்ற காலாள் வீரன் பெறுவது 500. கணக்கரும் எழுத்தரும் அவ்வீரன் பெறும் அளவே பெறுவர். மேலோர்க்கும் கீழோர்க்கும் இடையே இருந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை இப்பட்டியல் மறைக்காமல் காட்டுகிறது.

இப்பட்டியலை அடுத்து வரும் விதி இன்னும் சிறப்புடையது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவி மக்கள், அவர் பெற்றுவந்த உணவையும் ஊதியத்தையும் பெறவேண்டும். அவரைச் சார்ந்து வாழ்ந்த குழந்தைகளையும் முதியோரையும் நோயாளரையும் அரசன் ஆதரிக்கவேண்டும். அவர்கள் வீட்டில் இறப்பு, நோய், மகப்பேறு நிகழுங்கால் பொருளும் மதிப்பும் அளிக்கவேண்டும். வீரன் ஒருவன் களத்துக்குத் தனியே செல்வதில்லை. அவன் குடும்பத்தின் கவலையும் உடன் செல்கிறது. அக்கவலையைக் குறைப்பது அரசின் கடமை என்பதை இந்நூல் ஏற்றுக்கொண்டது. படைப்பணியில் உள்ளோரின் பிள்ளைகள் பலர் பயிலும் பள்ளிகளில் இவ்விதியின் பொருள் எளிதில் விளங்கும்.

எட்டாம் அதிகரணம் ஒரு படைக்கு நேரும் குறைபாடுகளை முப்பதுக்கும் மேலாக அடுக்கிக் கூறுகிறது. மதிக்கப்படாத படை, இழிவுபடுத்தப்பட்ட படை, ஊதியம் பெறாத படை, நோயுற்ற படை, நெடுந்தொலைவிலிருந்து வந்த படை, களைத்த படை எனப் பட்டியல் நீள்கிறது. இக்குறைகளை இரண்டிரண்டாக நிறுத்தி நூலாசிரியர் ஒப்பிடுகிறார். மதிக்கப்படாத படை, மதிப்பளித்தால் போரிடும். இழிவுபடுத்தப்பட்ட படையோ உள்ளே சினம் கொண்டிருப்பதால் போரிடாது. ஊதியமின்றி வருந்தும் படை, உடனே ஊதியம் அளித்தால் போரிடும். நோயுற்ற படை போரிட இயலாது. இவ்வொப்பீடுகளால் ஓர் உண்மை தெளிவாகிறது. பல படைகள் பகைவரைக் காணுமுன்னரே, தம் அரசனின் கவனக்குறைவால் தோற்றுவிடுகின்றன.

போர் நிகழும் நாளிலும் இக்கவனம் தொடர்கிறது. தானும் வீரரைப் போலவே ஊதியம் பெறுபவன் என்றும், நாட்டை அவர்களோடு சேர்ந்தே துய்க்கவேண்டியவன் என்றும் அரசன் படையின்முன் கூறவேண்டும். கருவியும் மருந்தும் எண்ணெயும் கட்டுத்துணியும் ஏந்திய மருத்துவர்கள் படையின் பின்னே நிற்கவேண்டும். உணவும் நீரும் காக்கும் மகளிரும் அங்கே நின்று வீரரை ஊக்கவேண்டும்.

போருக்கு எல்லை

போர்முறைகளை இவ்வளவு நுட்பமாகக் கூறும் நூல், போரை முதல் வழியாகக் கூறவில்லை. அமைதியாலும் போராலும் கிடைக்கும் பயன் ஒரே அளவினதாயின், அமைதியையே கொள்ளவேண்டும் என்று ஏழாம் அதிகரணம் கூறுகிறது. போரில் ஆள் இழப்பு, பொருட்செலவு, நாட்டைவிட்டு நெடுநாள் பிரிந்திருத்தல், பிற இடையூறுகள் ஆகியவை உண்டு என்பதே காரணம். உடல் ஆற்றலினும், படை பொருள் ஆகியவற்றின் ஆற்றலினும் சூழ்ச்சித்திறனாகிய அறிவாற்றலே உயர்ந்தது என்பதும் நூலின் கருத்து.

கோட்டையை முற்றுகையிடும்போதும் சுற்றியுள்ள நாட்டு மக்களை அச்சமின்றி வாழவிடவேண்டும். மக்கள் இல்லையேல் நாடு இல்லை. நாடு இல்லையேல் அரசும் இல்லை என்பது கௌடில்யரின் வாதம். வேறு வழியால் வெல்ல இயலுமாயின் தீயைப் பயன்படுத்தக் கூடாது. தீ நம்பத்தகாதது, கணக்கற்ற உயிர்களையும் தானியத்தையும் கால்நடைகளையும் செல்வத்தையும் அழிப்பது. அனைத்தையும் இழந்த நாட்டை வெல்வது மேலும் இழப்பையே தரும். விழுந்தவர், புறங்காட்டியவர், சரணடைந்தவர், படைக்கலம் இழந்தவர், அச்சத்தால் நிலைகுலைந்தவர், போரிடாதவர் ஆகியோர்க்கு அடைக்கலம் அளிக்கவேண்டும்.

நாட்டை வென்ற அரசன் அந்நாட்டு மக்களின் உடை, மொழி, ஒழுக்கம் ஆகியவற்றைத் தானும் மேற்கொள்ளவேண்டும், அவர்களுடைய விழாக்களைப் போற்றவேண்டும், சிறைப்பட்டோரை விடுவிக்கவேண்டும், வறியோர்க்கும் நோயாளர்க்கும் உதவவேண்டும். நிலத்தை வெல்வதோடு போர் முடிவதில்லை. மனத்தை வெல்லும்வரை அது தொடர்கிறது என்பது இதன் கருத்து.

எனினும், இந்நூலை அறநூலாக மட்டும் கொள்வது பொருந்தாது. வெளிப்படைப் போரோடு வஞ்சப் போரையும், ஒற்றர் வழியாக மறைவில் நிகழ்த்தும் ஓசையற்ற போரையும் அது கற்பிக்கிறது. பகையரசனின் தலைக்கு 1,00,000 பணமும், அவன் சேனாபதியின் தலைக்கு 50,000 பணமும் என விலை வைக்கிறது. சாதாரண வீரன் ஒருவன் தலைக்கு 20 பணமே விலை. தன் வீரனின் குடும்பத்தைக் காக்கச் சொல்லும் அதே நூலே, எதிர்ப்படை வீரனின் உயிரை 20 பணமாக எண்ணுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவரே நூலை முழுமையாகப் படித்தவர் ஆவர்.

நூலும் வரலாறும்

படைநூல் 'இவ்வாறு செய்யவேண்டும்' என்று கூறுவது. வரலாறு 'இவ்வாறு நடந்தது' என்று கூறுவது. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. சந்திரகுப்தரின் அவைக்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனிஸ், மௌரியப் படையை ஐவர் கொண்ட ஆறு குழுக்கள் மேற்பார்வையிட்டதாக எழுதினார். கடற்படை, உணவும் கருவியும் கொண்டுசெல்லும் எருதுவண்டி, காலாட்படை, குதிரைப்படை, தேர்ப்படை, யானைப்படை என்பவற்றுக்கு அவை உரியன. அவர் எழுதிய நூல் மறைந்துவிட்டது. ஸ்ட்ராபோ முதலிய பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே கிடைக்கின்றன. அர்த்தசாஸ்திரமோ குழுக்களைக் கூறாமல் தனித்தனி மேலாளரைக் கூறுகிறது. சான்றுகள் இவ்வாறு வேறுபடும்போது, ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளாமல் இரண்டையும் எடைபோடுவதே வரலாற்று முறை.

சந்திரகுப்தரின் பெயரர் அசோகர், ஆட்சியேற்ற எட்டு ஆண்டுகளுக்குப்பின் கலிங்கத்தின்மீது படையெடுத்து வென்றார். பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவரே அப்போரின் கணக்கை எழுதச் செய்தார். 1,50,000 பேர் நாடுகடத்தப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். அதனினும் பன்மடங்கினர் மாண்டனர் என்று அது கூறுகிறது. உயிர் பிழைத்தோரும் தம் நண்பரும் உறவினரும் உற்ற துன்பத்தால் துன்புற்றதை அது தனியே எடுத்துரைக்கிறது. அவ்வெண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு மக்கள் துன்புறினும் தமக்கு வருத்தமே என்று அரசர் அறிவித்தார். அறத்தால் பெறும் வெற்றியே தலையாய வெற்றி என்றும், அவ்வெற்றி சோழர், பாண்டியர் நாடுகளையும் தாமிரபரணியையும் எட்டியது என்றும் அதே கல்வெட்டு கூறுகிறது. கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகட பாறைகளில் இப்பதின்மூன்றாம் கட்டளை பொறிக்கப்படவில்லை. தோற்ற மக்களின்முன் அவர்கள் துயரத்தின் கணக்கை எழுதி நிறுத்த அரசு விரும்பவில்லை போலும்.

தேர் 45, குதிரை 225, வீரர் 675 என்பது படைநூலின் கணக்கு. அதில் ஒவ்வொருவரும் நிற்கவேண்டிய இடம் உண்டு. அவர்கள் விழுந்தபின் அவர்களுக்காக அழுதவர் எத்தனைபேர் என்பதற்கு அதில் இடம் இல்லை. அக்கணக்கைப் பாறையில்தான் தேடவேண்டியுள்ளது.

தமிழ் மரபிலும் இவ்விரு நோக்குகளையும் காணலாம். திருக்குறளின் பொருட்பாலில் படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டு அதிகாரங்கள் படையின் சிறப்பைக் கூறுகின்றன. தொல்காப்பியத்தின் புறத்திணையியல், போர் நிகழ்ச்சிகளை வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை முதலிய திணைகளாகப் பகுக்கிறது. அது படைத்தலைவனுக்கு வழிகாட்டும் நூலன்று. பாடும் புலவனுக்கு இலக்கணம். அவ்விலக்கணம் வெற்றியைக் கூறும் வாகைக்கு அடுத்து, நிலையாமையைக் கூறும் காஞ்சியை வைத்துள்ளது. வெல்லும் வழியைக் கற்பவர், வெற்றியின் விலையையும் கற்கவேண்டும் என்பதே இவையனைத்தும் சேர்ந்து கற்பிக்கும் பாடம்.

சொல்லும் பொருளும்

அதிகரணம் – நூலின் பெரும்பிரிவு
பாசறை – படை தங்கும் இடம்
கருவூலம் – அரசின் பொருட்சேமிப்பு
மூலப்படை – வழிவழியாகப் பணிபுரியும் படை
அடைக்கலம் – பாதுகாப்பு, புகலிடம்
பெயரர் – மகனின் மகன், பேரன்
துய்த்தல் – நுகர்தல், அனுபவித்தல்

இலக்கணக் குறிப்பு

தேரும் யானையும் – எண்ணும்மை
களைத்த படை – பெயரெச்சம்
ஏந்தாத பணியாளர் – எதிர்மறைப் பெயரெச்சம்
இன்பதுன்பம் – உம்மைத்தொகை

பிரித்து எழுதுக

காலாட்படை = காலாள் + படை
ஊதியமின்றி = ஊதியம் + இன்றி
போர்க்களம் = ______ + ______
கல்வெட்டு = ______ + ______

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. அர்த்தசாஸ்திர ஓலைச்சுவடி ______ எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.
2. போரையே பொருளாகக் கொண்டது ______ அதிகரணம்.
3. ஒருவர்பின் ஒருவரே செல்லத்தக்க வழியில் ______ வடிவம் ஏற்றது.
4. பயிற்சி பெற்ற காலாள் வீரன் பெற்ற ஊதியம் ______ பணம்.

ஆ. பொருத்துக.

1. மெகஸ்தனிஸ் – மூலநூலை அச்சிட்டவர்
2. சாமா சாஸ்திரி – கலிங்கப் போர்
3. அசோகர் – நிலையாமை
4. காஞ்சி – ஆறு குழுக்கள்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. அரசின் ஏழு உறுப்புகள் யாவை?
2. துணைப்படையின் பணி யாது?
3. கோட்டையைக் கைப்பற்றத் தீயைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் கூறப்படும் காரணங்கள் யாவை?

ஈ. சுருக்கமாக விடை எழுதுக.

1. இழிவுபடுத்தப்பட்ட படைக்கும் மதிக்கப்படாத படைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு அர்த்தசாஸ்திரம் வகுத்த உதவிகளைத் தொகுத்து எழுதுக.
3. படைநூலுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சான்று தந்து விளக்குக.

உ. விரிவாக விடை எழுதுக.

'வெல்லும் வழியைக் கற்பவர், வெற்றியின் விலையையும் கற்கவேண்டும்' – இக்கருத்தை அர்த்தசாஸ்திரச் செய்திகளையும் அசோகரின் கல்வெட்டுச் செய்திகளையும் கொண்டு நிறுவுக.

ஊ. செயல்திட்டம்

ஒரு வரிசைக்கு 3 தேர் கொண்ட அணியின் ஐந்து உறுப்புகளையும் வரைபடமாக வரைந்து, தேர், குதிரை, வீரர் எண்ணிக்கையை ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே கணக்கிடுக. பின்னர், வரைபடத்தில் இடம்பெறாதவர்களாகிய மருத்துவர், பாலம் அமைப்போர், உணவு சுமப்போர், வீட்டில் காத்திருப்போர் ஆகியோருள் ஒருவரைத் தேர்ந்து, அவர் எழுதுவதாக ஒரு பக்க அளவில் கடிதம் எழுதுக.